முதலாளி பெயரில் ஒரு வேன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சின்னு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் “ம்”, “சரி” தவிர எனக்கு எதுவும் வராது என்று உனக்குத் தெரியும்.

வேலை பிடித்திருக்கிறது. போதைப் பொருள் விற்றவர்களைப் பிடிப்பது போலீஸ் வேலை. விற்ற பணம் எங்கே போனது என்று தேடுவது எங்கள் வேலை. அது வீடாக மாறியிருக்கும், லாரியாக மாறியிருக்கும், மாமியார் பெயரில் தோட்டமாக மாறியிருக்கும். எதுவாக மாறியிருந்தாலும் பின்னாலேயே போய், நீதிமன்றத்தில் சொல்லி, அரசாங்கத்துக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. போன வாரம் ஒருவர் வீட்டு வரவேற்பறையிலிருந்து பெரிய மீன் தொட்டி ஒன்று வந்தது. வழக்கு முடியும்வரை மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். அலுவலகத்தில் இளையவள் நான்தான் என்பதால் இரை போடும் பொறுப்பு எனக்கு. ஒரு மீன் செத்தாலும் விளக்கம் எழுத வேண்டுமாம்.

ஒன்று கேட்கவா? நம் வேன் இன்னும் முதலாளி பெயரில்தானே இருக்கிறது? கம்பெனி வண்டிகளைத்தான் ஐஸ் ஃபேக்டரிக்குள் விடுவார்கள் என்பதற்காக டிரைவர்கள் எல்லோரும் சொந்த வண்டியை அவர் பெயரில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இருந்தபோது அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. இங்கே வந்த பிறகு உறுத்துகிறது. முடிந்தால் உன் பெயருக்கு மாற்றிக்கொள்.

குட்டியை என் சார்பில் கொஞ்சு. கன்னத்தைக் கிள்ளாதே, அவளுக்குப் பிடிக்காது.

உன் தங்கை,
சின்னு

பிப்ரவரி 19

சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மீன் விஷயம் வந்ததும் முழங்காலை மறந்து சிரித்தாள். உன் அண்ணிக்கு இருமல் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது கோபம் இருக்கிறது. குட்டி முன்பல்லைத் தொலைத்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

வேனைப் பற்றி நீ கவலைப்படாதே. ஃபேக்டரியில் அத்தனை பேர் வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது. நீ பட்டம் வாங்கிய அன்று முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர். வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நம்ம டிரைவர் தங்கச்சி பட்டதாரி ஆயிட்டா” என்று சொன்னவர். அப்படிப்பட்டவரிடம் போய், வண்டியை என் பேருக்கு மாற்றித் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? காலையில் ஆஸ்பத்திரிக்கு ஐஸ், பிறகு சந்தைக்கு, மத்தியானம் குளிர்பானக் கடைகளுக்கு. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. அது போதும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே யாராவது ஏதாவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே.

அண்ணன்

ஏப்ரல் 2

சின்னுவுக்கு,

எல்லோரும் நலம். நீ மார்ச்சில் போட்ட கடிதத்துக்குப் பதில் எழுத நேரமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

இங்கே வேலை கொஞ்சம் குறைவு. வேன் ஓய்வெடுக்கிறது. நான் வீட்டில் இருப்பதால் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்குக் கால் மாற்றினேன். கதவுகளுக்கு எண்ணெய் போட்டேன். “இன்னும் ஒரு வாரம் வீட்ல இருந்தீங்கன்னா செவுத்தையே கழட்டி மாட்டிடுவீங்க” என்கிறாள் உன் அண்ணி.

உன் வேலை நன்றாகப் போகிறதா? மேலதிகாரி மரியாதையாக நடத்துகிறாரா? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஐஸ் ஃபேக்டரி முதலாளியைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். அதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். நீயும் எதுவும் எழுதாதே. போனிலும் சொல்லாதே. காரணத்தை இப்போது சொல்ல முடியாது.

இங்கே வெயில் அதிகமாக இருக்கிறது. என் அறைக்கு இரண்டாவது ஜன்னல் கிடையாது. இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்க என் சம்பளத்திலிருந்து பணம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள். திருப்பி அனுப்பாதே.

சின்னு

ஏப்ரல் 27

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உடம்புக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உடம்புக்கு மட்டும்தான்.

எழுதாதே என்று நீ உன் அண்ணனுக்குத்தான் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐஸ் பாளங்களுக்கு நடுவில் பொட்டலம் வைத்து அனுப்பியிருக்கிறார் அந்தத் தங்கமான மனிதர். யார் ஐஸ் வண்டியை நிறுத்தி, உருகும்வரை காத்திருந்து பார்க்கப் போகிறார்கள்? எல்லாம் அவருடைய சொந்த லாரிகளில்தான். டிரைவர்களுக்கு இதில் தொடர்பு இல்லை என்று போலீஸே விசாரித்துச் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் இலாகா ஆட்கள் வந்து ஃபேக்டரிக்கு முத்திரை வைத்தார்கள். அவர் பெயரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நம் வேனையும்தான். அதை இழுத்துக்கொண்டு போனபோது உன் அண்ணன் பின்னாலேயே தெருமுனைவரை நடந்தார். பின்சக்கரத்தில் காற்று குறைவு, பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இப்படியும் ஒரு மனிதர்.

ஃபேக்டரிச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இது என் சொந்தப் பொருள், நேர்மையாகச் சம்பாதித்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஜூன் முடிவதற்குள் மனுப் போடலாமாம். போடாவிட்டால் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். மற்ற டிரைவர்கள் போட்டாகிவிட்டது. இவர் மட்டும் போடமாட்டேன் என்கிறார். நான் கத்தினேன், அம்மா அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நேற்றுத்தான் வாயைத் திறந்தார்.

“நம்ம வீட்லயே மொதல் தடவையா ஒருத்தி ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. அவ உக்காந்திருக்கற எடத்துக்கே நான் போய், போதைக்காரன் வண்டிங்களோட என் வண்டியும் இருக்குன்னு பேர் எழுதிக் குடுக்கறதா? அவ வேலை என்ன ஆகும்?”

அதற்கு மேல் உன் கடிதம் வேறு. “எழுதாதே” என்றதும் நீ வெட்கப்படுகிறாய் என்று முடிவு செய்துவிட்டார். இப்போது சந்தையில் அடுத்தவன் வண்டிக்கு மூட்டை ஏற்றுகிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். வாயால் வராது, தெரியும். கையால் சொல்லு.

அண்ணி

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதில் உள்ள எதற்கும் நான் பதில் சொல்லக்கூடாது. அதனால் என் மேசையைப் பற்றி எழுதுகிறேன். இதை அண்ணனுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன், மூடிவிட்டேன். பிறகு மேலதிகாரி அறை வாசலில் போய் நின்றேன். அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். உள்ளே போவதற்குள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேடமே தலையை நிமிர்த்தி, “என்னம்மா, கதவுக்குக் காவலா நிக்கிற?” என்று கேட்டார்.

“அந்தக் கோப்பு எனக்கு வேண்டாம் மேடம். எங்க அண்ணன் அந்த ஃபேக்டரியில டிரைவர்.”

சொல்லிவிட்டு, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் அடுக்கினேன். மேடம் பேனாவை மூடினார்.

“இத சொல்லவா இவ்ளோ நேரம்? சொல்லாம அந்தக் கோப்பைத் தொட்டிருந்தாத்தான் வேலை போயிருக்கும். எழுதிக் குடுத்துட்டுப் போ. அந்த வழக்கு முடியற வரைக்கும் வேற பிரிவுல உக்காரு. அண்ணன்கிட்ட அதப் பத்திப் பேசாத. அவர் அவர் வேலையைப் பார்க்கட்டும், நீ உன் வேலையைப் பாரு.”

அவ்வளவுதான் நடந்தது. என் மேசையை மாடிக்கு மாற்றினார்கள். அங்கே காற்று வருகிறது. சம்பளம் அதேதான். அலுவலகத்தில் எல்லோருக்கும் என் அண்ணன் ஐஸ் ஃபேக்டரி டிரைவர் என்று தெரியும். யாரும் என்னை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. நானும் வெட்கப்படவில்லை. “எழுதாதே” என்றது மேடம் சொன்னதற்காகத்தான். எனக்கு அதை இன்னும் நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

என் நாற்காலி ஆடவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் சின்னு

மே 19

சின்னுவுக்கு,

அம்மா, குட்டி, உன் அண்ணி எல்லோரும் சுகம். நானும் இப்போது சுகம்.

உன் அண்ணி படித்தாள். நடுவில் நிறுத்தி, “கேட்டுச்சா?” என்றாள். கேட்டது. மறுநாளே போய் மனுவைப் போட்டுவிட்டேன். ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல் ஒருவர் இருக்கிறார், சின்ன வயது, உன்னை மாதிரியே நகம் கடிக்கிறார். வண்டி வாங்கின பில் வேண்டும் என்கிறார். முதலாளி அந்தத் தொழில் செய்த காலத்தில் அவர் பெயரில் வந்த எதுவும் அந்தப் பணத்தில் வந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டுமாம்.

என்னிடம் பில் இல்லை. இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உன் அண்ணிக்கு முன்னால் சொல்லக்கூடிய காரணம் இல்லை. திருட்டு இல்லை, பயப்படாதே. மானப் பிரச்சினை.

இதற்கு நீ பதில் எழுதக்கூடாது என்று தெரியும். எழுதாதே. சொல்ல ஆள் இல்லை, அதனால் சொன்னேன்.

அண்ணன்

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? அம்மா புது மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு “எனக்கு என்னமோ பண்ணுது” என்பாள், பார்த்துக்கொள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மீன்களில் பெரியது ஒன்று செத்துப்போனது. விளக்கம் எழுதினேன். “முதுமை” என்று மேடம் ஒரே வார்த்தையில் திருத்திக் கொடுத்தார்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் சொல்லக்கூடியது ஒன்றுமே இல்லை. அதனால் தாளின் மீதி இடம் இப்படியே காலியாக இருக்கட்டும்.

சின்னு

ஜூலை 28

நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். நீ பதில் போட வேண்டாம். வழக்கு நடந்தது திறந்த நீதிமன்றத்தில். அங்கே பெஞ்சில் ஒரு பாட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரிந்த விஷயம் உனக்குத் தெரிந்தால் தப்பில்லை என்று நம் வக்கீல் தம்பி சொல்லிவிட்டார்.

அரசு வக்கீல் எடுத்ததும் கேட்டார், “எந்த ஷோரூம்ல வாங்கின? பில் எங்க?”

உன் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, நீதிபதியம்மாவையும் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், “என்னை ஏன் பாக்கறீங்க, அங்க சொல்லுங்க” என்று கையைக் காட்டினேன்.

“ஷோரூம்ல வாங்கலைங்க. அது ஒரு வண்டியே இல்லைங்கம்மா. ரெண்டு வண்டி. முன்னாடி பாதி ஒண்ணு, பின்னாடி பாதி ஒண்ணு.”

பழைய இரும்புக் கடையில் பின்பக்கம் நசுங்கின வேன் ஒன்று, முன்பக்கம் நசுங்கின வேன் ஒன்று கிடந்ததாம். விடுமுறை நாளெல்லாம் அந்தக் கடையில் இரும்பு பிரித்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக இரண்டையும் எடுத்துக்கொண்டாராம். தெரிந்த வெல்டர் ஒருவரை வைத்து வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து ஒரே வண்டியாக்கி, வாகன ஆய்வாளரிடம் காட்டி ஓட்ட அனுமதி வாங்கி, அதை முதலாளி பெயரில் பதிந்து, கல்யாணம் பேச வந்தபோது எங்கள் அப்பாவிடம் “புது வேன்” என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாக நான் பாதியும் பாதியுமாகச் சேர்ந்த ஒன்றில் புதுசு என்று நினைத்து உட்கார்ந்து போயிருக்கிறேன். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இதுதான் அந்த மானப் பிரச்சினையாம். இதற்காக வண்டியையே விட்டுவிட இருந்தார் பார்.

வாகன ஆய்வாளர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஒட்டின இடம் இருக்கிறது, இரண்டு பாதியும் வேறு வேறு வருஷத்தது என்று எழுதிக் கொடுத்தார். இரும்புக் கடைக்காரர் வந்து, ஆமாம், என் கடைச் சரக்குதான் என்றார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அரசு வக்கீல் வெல்டரைப் பிடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறாய், சும்மாவா செய்தாய், உனக்குக் கூலி கொடுத்தது முதலாளிதானே என்றார்.

வெல்டர் சொன்னார், “கூலி வாங்கலைங்க. இவரு தங்கச்சி எம் பொண்ணுக்குப் பத்தாவது முடியற வரைக்கும் தெனம் சாயங்காலம் கணக்கு சொல்லிக் குடுத்துச்சு. அதுதான் கூலி. எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டா. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க, வெளிய நிக்கிறா.”

கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண் வந்து நின்று, “அக்கா பேசவே மாட்டாங்க. ஆனா தப்பு போட்டா கண்ணுல தண்ணி வெச்சுப்பாங்க. அதுக்கு பயந்தே படிச்சேன்” என்றாள்.

நீதிபதியம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். தீர்ப்புக்கு வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள். என்ன வரும் என்று தெரியாது. ஆனால் உன் அண்ணன் வெளியே வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்றார்.

அண்ணி

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

எல்லோரும் நலம்தானே? நான் மிகவும் நலம். இதை எழுத எனக்கு இன்று காலைதான் அனுமதி கிடைத்தது.

மேடம் மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்ததே கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு, “தீர்ப்பு வந்தாச்சு. நாங்க மேல்முறையீடு போகல. உங்க அண்ணனுக்கு இனிமே என்ன வேணும்னாலும் எழுது” என்றார். முதலாளியின் வீடு, லாரிகள், ஃபேக்டரி எல்லாம் அரசாங்கத்துக்கு. டிரைவர்களின் வண்டிகள் அவரவருக்கு. நம் வேனைப் பற்றி மட்டும் தீர்ப்பில் தனியாக ஒரு பத்தி இருக்கிறது. நான் அதை நின்றுகொண்டே படித்தேன். இந்த வண்டிக்குள் குற்றத்தின் பணம் நுழைந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை, உழைப்பு நுழைந்ததற்கு மட்டுமே சான்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

மேடம் போகும்போது கேட்டார், “அந்தக் கணக்கு டீச்சர் நீதானா? பணம் எங்க போச்சுன்னு தேடற ஆபீஸ்ல உக்காந்துகிட்டு, உன் கூலி எங்க போச்சுன்னு தெரியாம இருந்திருக்கியே.”

உண்மைதான் அண்ணா. எனக்குத் தெரியவே தெரியாது. “வெல்டர் கேக்கறாரு, முடியாதுன்னு எப்படிச் சொல்றது” என்று நீ சொன்னாய், நம்பினேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னக் கணக்கு வரவே வராது. நான் அவளைத் திட்டக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு உன்னைத்தான் மனதுக்குள் திட்டினேன். அந்த வேனில் நீ என்னைக் கல்லூரி விடுதியில் இறக்கிவிட்டபோது, இது உன்னுடைய வண்டி, நான் இலவசமாக வருகிறேன் என்று நினைத்து ஓரமாக உட்கார்ந்து வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரரிடம் நானாகவே பேசினேன். “எங்க அண்ணன் வண்டி கிடைச்சிருச்சு” என்றேன். அவர் திகைத்துப்போய் தன் குழம்பில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

உங்கள் சின்னு

செப்டம்பர் 10

சின்னுவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மா தெருமுனைவரை தானாக நடந்து போய்விட்டு வந்து, அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வண்டியைக் கொண்டுவந்துவிட்டேன். வெயிலில் கிடந்து பெயிண்ட் உரிந்திருக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி சாவியை ஒரு தடவை திருப்பியதுமே கிளம்பிவிட்டது. ஐஸ் ஃபேக்டரியை இப்போது நீதிமன்றம் போட்ட ஒருவர் நடத்துகிறார். யார் வண்டியாக இருந்தாலும் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ஐஸ் மறுபடி என்னிடம் வந்துவிட்டது. உன் அண்ணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “நான் இப்ப எந்த வண்டியில இருக்கேன்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். சாகும்வரை கேட்பாள் போலிருக்கிறது. கேட்கட்டும்.

நேற்று வண்டியைப் பெயர் மாற்றப் போனேன். உன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று உன் அண்ணி சொல்லி அனுப்பினாள். உன் அலுவலகத்தில் அதற்கும் நீ ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று பயந்து விட்டுவிட்டேன். தப்பாக நினைக்காதே. நீ வரும்போது நடு சீட் உனக்கு.

கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, “வண்டி யார் பேர்ல?” என்று கேட்டார். இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு முதலாளி பெயரைத்தான் சொல்லிப் பழக்கம். வாய் அதற்கே போனது. பிடித்து நிறுத்தி, என் பெயரைச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன்